கல்கண்டுக்குத் திறக்காத வாய்

குழாயை முழுக்கத் திறந்துவிட்ட பிறகுதான் சந்திரிகா வாய் கொப்பளிப்பாள். தண்ணீரோடு சிவப்பும் ஓடிவிடும். பின்னால் யார் வந்து எட்டிப் பார்த்தாலும் வாஷ்பேசின் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கும். பல வருடமாக இந்த வித்தையைச் செய்து வருகிறவளுக்கு அன்று காலை அதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை. கூடத்தில் மாமியார் இசக்கியம்மாளின் குரல் அதற்குள் கூரையைத் தொட்டிருந்தது.

"ஏய்யா ஜவஹர்! நங்கநல்லூர் சம்பந்தி வீட்டுல இருந்து போன் பண்ணுதாவ. என்ன பதில் சொல்லட்டும்? உன் பொண்டாட்டியக் கேட்டுச் சொல்லு!"

முந்தின நாள்தான் மகள் பூஜாவுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியதும் சம்பந்தியம்மாக்கள் ஒருவர் வாயில் ஒருவர் கல்கண்டு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை போட்ட அந்தக் குடும்பம் எதை விட்டாலும் அந்த வழக்கத்தை விட்டதில்லை. மாப்பிள்ளை பாலகணேஷின் அம்மா தேவானை வாயெல்லாம் சிரிப்பாகக் கல்கண்டை நீட்டிக்கொண்டு நெருங்கினாள். சந்திரிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள்! கல்கண்டு ஜமுக்காளத்தில் விழுந்து உருண்டது. மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது.

"எங்களப் பிடிக்கலேன்னா முன்னாலேயே சொல்லிருக்கலாமேன்னு கேக்காவ. கல்யாணத்த யோசிக்கணுமாம்!" இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜவஹர் கடைச் சாவியை மேஜைமேல் எறிந்தார். "ஒரு கல்கண்டை வாங்கிக்கிட்டா உன் கௌரவம் கொறைஞ்சிடுமா சந்திரிகா? யார்கிட்டயும் சிரிச்சுப் பேச மாட்டே. பக்கத்துல வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவே. உன் திமிரைக் காட்டப் பொண்ணு வாழ்க்கைதானா கெடச்சுது?"

திமிர்! அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பூஜா பிறந்த சமயத்தில்தான் முதன்முதலில் ஈறில் ரத்தம் கசிந்தது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். "கூடவே கூடாது. சுத்தம் பண்ணினா பல்லு ஆடிரும். ரத்தம் வார எடத்துல பிரஷ் படாமப் பாத்துக்கோ" என்றாள் இசக்கியம்மாள். மாமியார் பேச்சைத் தட்டாத மருமகளாயிற்றே! ரத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தேய்த்தாள். விட்ட இடம் மேலும் வீங்கியது. வீக்கம் பரவப் பரவ அந்த இடங்களையும் தேய்க்காமல் விட்டாள். டாக்டரிடம் போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஆடித் தள்ளுபடி வரும், தீபாவளி வரும், முகூர்த்த சீசன் வரும். கடைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான் போக வேண்டும். சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று அவளும் தள்ளிப்போட்டாள்.

கொரோனா காலத்தில் மாஸ்க் போட்டபோதுதான் தன் வாயின் நாற்றம் அவளுக்கே முகத்தில் அடித்தது. கூசிப்போனாள். ஊரே மாஸ்க்கைத் திட்டிக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் அதைக் கழற்ற மனமில்லாமல் இருந்தாள். ஜவஹர் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தலையணையோடு கூடத்துக்குப் போனதும் அந்த நாட்களில்தான். மாஸ்க் போனது, தலையணை திரும்பவில்லை. தன்னை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் தனக்குள் அழுது முடித்துக்கொண்டாள்.

"திமிரெல்லாம் இல்லீங்க..." என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை முட்டியது. அடக்குவதற்காகப் பல்லைக் கடித்தாள். ஆடிக்கொண்டிருந்த கீழ்ப்பல் அந்தக் கடியைத் தாங்கவில்லை. உள்ளங்கையை வாயருகே கொண்டுபோனாள். பல் கையில் விழுந்தது. பின்னாலேயே ரத்தம்...

"அம்மா!" பூஜா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

அன்று கடை திறக்கவில்லை. நால்வரும் பக்கத்துத் தெருவில் இருந்த டாக்டர் ஜுவேரியாவின் பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"பல்லுல தினமும் படியுற அழுக்கை எடுக்காம விட்டா அது கல்லு மாதிரி இறுகிடும்மா. ஈறு வீங்கும், ரத்தம் வரும். ரத்தம் வந்தா அந்த இடத்தைத்தான் இன்னும் பதமா, நல்லா தேய்க்கணும். நீங்க அதையே விட்டுட்டீங்க."

"சுத்தம் பண்ணினா பல்லு ஆடிருமேம்மா?" இசக்கியம்மாளின் குரலில் காலையில் இருந்த வேகம் இல்லை.

"ஆடாதும்மா. உள்ள எலும்பு கரைஞ்சு ஏற்கெனவே ஆடுற பல்லை அந்தக் கல்லு புடிச்சுக்கிட்டு நிக்கும். கல்லை எடுத்ததும் ஆட்டம் தெரியும். பழி எங்க மேல!" டாக்டர் சந்திரிகா பக்கம் திரும்பினார். "கரைஞ்ச எலும்பு பழையபடி வராது. இன்னும் ரெண்டு பல்லை எடுத்துத்தான் ஆகணும். மத்ததைக் காப்பாத்திடலாம். அப்பவே வந்திருந்தா ஒண்ணுகூடப் போயிருக்காது. வாய்ல ரொம்ப நாளா நாத்தம் இருந்திருக்குமே, வீட்ல யாருமா சொல்லல?"

தலை குனிந்தபடியே ஜவஹர் வாய் திறந்தார்.

"எனக்குத் தெரியும் டாக்டர்... வருஷக்கணக்கா தெரியும்."

சந்திரிகா நிமிர்ந்தாள். "தெரியுமா? தெரிஞ்சுதானா தலகாணிய எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

"சொன்னா உன் மனசு நோகுமேன்னு..."

"நீங்க சொல்லாமப் போனதுல என் மனசு நோகலையா? என்னையே புடிக்கலன்னுல்ல நெனச்சேன்! உங்களுக்கு அருவருப்பா இருக்கக்கூடாதுன்னு மூஞ்சியத் திருப்பினேன். அதுக்குத் திமிருன்னு பேரு வச்சீங்களே!"

"அது எனக்காகன்னு தோணவே இல்லடி." ஜவஹரின் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை... வா, டாக்டரப் பாத்துட்டு வரலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பல்லு இருந்திருக்கும். பெரிய மரியாதை காத்தவன் மாதிரி இருந்து உன்னைக் கெடுத்துட்டேனே!"

இசக்கியம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் பேசாமக் கெடுத்தான். நான் பேசிக் கெடுத்தேன். எனக்கும் இப்படித்தான் அம்புட்டுப் பல்லும் கொட்டிச்சு. எங்க வம்சமே அப்படித்தான்னு இருந்துட்டேன். உன்னையும் அந்தக் குழியிலயே தள்ளிட்டேனே தாயீ!"

சந்திரிகா கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் "பரவாயில்லை அத்தை" என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல் அன்று அவளுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து இசக்கியம்மாள் நங்கநல்லூருக்குப் போன் போட்டாள். "தேவான, எம் மருமவ மேல தப்பில்ல தாயீ. வாயில நோவ வச்சுக்கிட்டு, உனக்கு அருவருப்பா இருந்திரக் கூடாதேன்னு திரும்பிருக்கா. தப்பெல்லாம் இந்தக் கிழவி மேல..."

சாயங்காலமே தேவானை மகனோடு வந்து நின்றாள். "இதுக்கா நான் கோவிச்சேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா மைனி?" என்று கட்டிக்கொண்டாள். பழக்க தோஷத்தில் சந்திரிகாவின் முகம் திரும்பியது. தேவானை அந்த மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கதவோரம் நின்ற பூஜாவின் கண்ணீர் அப்போதுதான் நின்றது.

மறுநாள் காலை, மெல்லிய நாருள்ள புது பிரஷ்ஷோடு சந்திரிகா வாஷ்பேசின் முன் நின்றாள். அறைக்குள் திரும்பியிருந்த தலையணைக்குச் சொந்தக்காரரும் அதேபோல் ஒரு பிரஷ்ஷோடு பக்கத்தில் வந்து நின்றார். டாக்டர் காட்டியபடி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து, அழுத்தாமல், இத்தனை காலம் பயந்து விட்ட இடத்தையெல்லாம் அவள் மெல்லத் தேய்த்தாள். துப்பியபோது வெள்ளைப் பீங்கானில் சிவப்பு விழுந்தது.

கை தானாகக் குழாய்க்குப் போனது. பாதியில் நின்றது.

ஜவஹர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். ஒரு அடிகூட விலகவில்லை.

"ஒழுங்கா தேய்ச்சா கொஞ்ச நாள்ல கொறையும்னு டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல," என்றார். "இப்பவே... கம்மியா இருக்கிற மாதிரிதான் தெரியுது."

"கம்மியெல்லாம் இல்ல. எப்பவும் இவ்வளவுதான்," என்றாள் சந்திரிகா. "நீங்க இன்னிக்குத்தான் பாக்குறீங்க."

அவர் கண் கலங்கி, பற்பசை நுரையோடு அசட்டுத்தனமாக விழித்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் விழுந்த இடைவெளி கண்ணாடியில் அப்படியே தெரிந்தது. முந்தானை தோளிலேயே கிடந்தது.