மூன்றாவது கிளட்ச் பிளேட்

ஷேக் பரீத் பாயின் பழைய லாரி பட்டறைக்குள் நுழையும்போதே கருகிய நாற்றம் பொன்னாயியின் மூக்கில் ஏறிவிட்டது. 1998 ஐப்பசி. மலையடிவாரக் காரவள்ளியில் விடாத தூறல். பாய் வலது காலை முதலில் ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"ரெண்டு மாசத்துல ரெண்டு கிளட்ச் பிளேட் போச்சு, மாதேசு. மேடு ஏறினா எஞ்சின் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது. சின்னக்கண்ணு பெடல் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறான். நாளைக்கு வேற டிரைவர் வர்றான்."

வண்டியை ஓட்டிவந்த, மலைமேல் குண்டூர் நாட்டுக்காரரான சின்னக்கண்ணு தலை குனிந்து நின்றார். கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து கிடந்த காலத்தில், பாய் ஓட்ட, சக்கரத்துக்குக் கட்டை போடும் கிளீனராக இதே லாரியில் ஏறியவர்.

"ஞாயித்துக்கிழமையானா மொளகு எடுக்கக் காலி வண்டியை நானே தனியா ஓட்டிட்டுப் போறேன். பெடல் என்ன சொகம்! பாதி மிதிச்சாலே கியர் விழுகுது. இவனுக்கு மட்டும் எப்படிக் கருகும்?" என்றார் பாய்.

பொன்னாயியின் கணவர், மெக்கானிக் மாதேஸ்வரன், டிரைவர் இருக்கையை எட்டிப் பார்த்தார். பிறகு சாக்கை விரித்து லாரிக்கு அடியில் படுத்தார்.

பொன்னாயி டார்ச்சோடு குனிந்தாள். கணவருக்கு முன்னால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. "ஏனுங்க, டிரைவர் மேலதானுங்க தப்பு?" என்று கிசுகிசுத்தாள்.

"உள்ள போய், கிளட்சுக்குப் பக்கத்துத் தகரத்தைப் பாரு."

பார்த்தாள். பெடலுக்கு இடப்புறம், குதிகால் அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து தகரம் பளபளத்தது. அதன்மேல் இன்றைய சேறு, செருப்பு அச்சாகப் படிந்திருந்தது.

மாதேஸ்வரன் எழுந்து கையைத் துடைத்தார். "சின்னக்கண்ணு கியர் மாத்தினதும் காலைத் தரையில வெச்சுடறாருங்க. வருசக்கணக்கான பழக்கம். பெடல்ல காலே இல்லாம கிளட்ச் வழுக்குது."

"அப்புறம் எப்படிங்க?" என்றாள் பொன்னாயி.

"பிளேட் மாத்தறப்பெல்லாம் பெடலுக்கு ஒரு அங்குலம் தளர்வு விட்டேன். இப்ப துளிகூட இல்லை. பெடல் கம்பி நட்டுல புது ஸ்பேனர் தழும்பு. யாரோ முறுக்கியிருக்காங்க. முறுக்கினா பாதி மிதியிலேயே கியர் விழும். ஆனா கிளட்ச் முழுசாப் பிடிக்காது. பாரத்தோட மேடு ஏறினா வழுக்கிக் கருகும்." குரலைத் தாழ்த்தினார். "பெடல் சொகமா இருக்குன்னது நீங்கதானுங்க, பாய். எடது முழங்கால் எத்தனை நாளா வலிக்குது?"

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"மூணு மாசமா. முழுசா மிதிக்க முடியலை. வண்டியை விட மனசு வரலை. நட்டை முறுக்கினா கருகும்னு சத்தியமாத் தெரியாது." சின்னக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "ஊரறியத் திட்டிட்டேனே உன்னை."

"சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமையும் நானே வந்திருப்பேனுங்க."

மூன்றாவது பிளேட் மாட்டி முடிக்க மாலையாயிற்று. பாய் சாவியைச் சின்னக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு லாரியைச் சுற்றி மறுபக்கக் கதவுக்கு நடந்தார்.

"எங்கீங்க?" என்றார் சின்னக்கண்ணு.

"மேலதான். இத்தனை வருசம் ரோட்டையே பார்த்துட்டுப் போனேன். இன்னைக்காவது மலையைப் பார்க்கிறேன். மெல்ல ஓட்டு."

லாரி முதல் வளைவில் ஏறியது. எஞ்சின் கத்தவில்லை.