ஐந்தாவது பிளாட்ஃபாரத்தில் மாப்பிள்ளை

"ஐயோ... மாப்ளே...!"

அலறல் பிரமாதமாக வந்தது.

வராமல் என்ன? பல்லடத்தில் தன் கோழிப்பண்ணைக்குள் நின்று பொங்கியண்ணன் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த அலறல். கோழிகள்தான் பாவம், மிரண்டுபோய் முட்டையைக் குறைத்துக்கொண்டன.

1994. காலை ஒன்பதே கால்.

கோவைக்குத் தெற்கே மேட்டுக்கடவு ஜங்ஷன். ஈரோட்டு பிராட்கேஜ் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பாலம் ஏறிக் கடந்து, பொள்ளாச்சி போகும் மீட்டர்கேஜ் ரயிலுக்கு மாறுகிற இடம்.

அந்தப் பொள்ளாச்சி ரயிலின் ஜன்னலோர சீட்டில், பொங்கியண்ணனின் தங்கை புருஷன் தம்பிதுரை தலை தொங்கக் கிடந்தார்.

வாயோரம் நுரை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரயில்வே போலீஸின் பெண் ஹெட் கான்ஸ்டபிள் மெஹராஜ் வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தம்பிதுரையை ஸ்ட்ரெச்சரில் போட்டுத் தூக்கிப் போனார்கள்.

பொங்கியண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உள்ளே சிரிப்பு.

கூட்டாக வாங்கிய தென்னந்தோப்பை விற்க மாப்பிள்ளை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். தங்கை பாப்பாயியோ அண்ணன் விரல் வைத்த இடத்தில் போடுவாள். ஆகவே மாப்பிள்ளை போயாக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

விடியற்காலை ஈரோட்டில் ரயில் டிக்கெட் வாங்கினார். ரயிலில் ஏறவில்லை. தன் அம்பாசிடரில் பறந்து வந்து, அங்கே வரச்சொல்லியிருந்த மாப்பிள்ளையை எட்டரைக்கே பொள்ளாச்சி ரயிலில் உட்காரவைத்து, ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். "பேப்பர் வாங்கிட்டு வந்தர்றேன் மாப்ளே" என்று நழுவினார். ஒன்பது பத்துக்கு ஈரோட்டு ரயில் வந்ததும் கூட்டத்தோடு கலந்து பாலம் ஏறினார். அப்போதுதான் வந்தவர் மாதிரி அலறினார்.

தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

போலீஸ் அறை. மணி பதினொன்று.

"உக்காருங்ணா. டீ சொல்லட்டுங்களா?" என்றார் மெஹராஜ்.

"தொண்டையில எறங்குங்களா அம்மணி... எந்தங்கச்சி பொழப்பே போச்சே..."

"நீங்க எதுல வந்தீங்க?"

"ஈரோட்டு வண்டீலீங்க. இந்தாங்க டிக்கெட்டு."

"கேக்கறதுக்கு முன்னாலயே குடுக்கறீங்க. எங்க வேலை சுலபமாயிருச்சு. எறங்கி?"

"பாலம் ஏறி நேரா அஞ்சாவது பிளாட்ஃபாரம் வந்தனுங்க."

"நேராவா?"

"சத்தியமாங்க. வேற எங்கயும் காலே வெக்கலீங்க."

மெஹராஜ் நிதானமாக எழுதிக்கொண்டார். மேஜை மேல் போன் அடித்தது. எடுத்தார். "ம்... சரிங்க... ம்..." வைத்தார்.

"ஏனுங்ணா, ஒண்ணு மட்டும் புரியலீங்க."

"கேளுங்க அம்மணி."

"பொள்ளாச்சி வண்டி எப்பவும் மூணாவதுலதானுங்க நிக்கும். இன்னைக்கு மட்டும் அஞ்சுக்கு மாத்துனாங்க. எட்டு மணிக்கு மைக்குல சொன்னதோட சரி. ஈரோட்டு வண்டில வந்த அத்தனை ஜனமும் மூணாவதுக்கு எறங்கி, வண்டியைக் காணாம, திட்டிக்கிட்டே மறுபடியும் பாலம் ஏறுச்சு. நான் பாலத்து மேலதான் நின்னுட்டிருந்தேன். நீங்க ஒருத்தர் மட்டும் நேரா அஞ்சுக்குப் போனீங்க."

பொங்கியண்ணனின் கழுத்தில் வியர்வை ஊறியது.

"யாரோ... சொன்னாங்க..."

"யாருங்க?"

"மொகம் ஞாபகமில்லீங்க..."

"சரி, விடுங்க. பையில ஃப்ளாஸ்க் தெரியுதே. காபிங்களா?"

பொங்கியண்ணன் பையை மெல்லக் காலுக்கடியில் தள்ளினார். ஃப்ளாஸ்க்கை அப்போதே தண்டவாளத்தில் எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை. புத்தம் புதுசு.

மெஹராஜ் ஃப்ளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினார். காபியைத் தம்ளரில் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினார்.

"டீதானுங்க எறங்கல. இது உங்க ஊட்டுக் காபி. ஒரு வாய் குடிங்க."

பொங்கியண்ணன் காபியைப் பார்த்தார். காபியில் ஆவி பறந்தது.

பத்து விநாடி... இருபது...

"குடிங்ணா. ஆறிப்போகுது."

தம்ளரைத் தள்ளிவிட்டு, பொங்கியண்ணன் மேஜை மேல் தலையைக் கவிழ்த்தார்.

"நாந்தானுங்க... மருந்து கலந்துபோட்டேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு வருசமா நடக்க வெச்சானுங்க. செத்துப்போனவன் நல்லாப் போய்ச் சேந்துட்டான். நாந்தான் மாட்டிக்கிட்டேன்."

எல்லாவற்றையும் எழுதி முடித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, மெஹராஜ் பேனாவை மூடினார்.

"ஏனுங்ணா... செத்துப்போனார்னு யாருங்க சொன்னது?"

பொங்கியண்ணன் தலையைத் தூக்கினார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலீங்களே. உங்க மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதியாம். நீங்க போட்ட சக்கரைக்குப் பயந்து, ரெண்டு வாய் குடிச்சதுமே மீதியை ஜன்னல் வழியா ஊத்திப்போட்டாராம். ஆஸ்பத்திரியில கண் முழிச்சுட்டார். இப்ப போன்ல வந்தது அந்தச் சேதிதான். அரை மணி நேரமா உங்களைப் பத்தியேதான் பேசிட்டிருக்காராம்."

பொங்கியண்ணன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம்.

"அப்ப... கொலைக் கேஸ் இல்லீங்களே அம்மணி?"

"இல்லவே இல்லீங்ணா. வெறும் கொலை முயற்சிதான். கவலைப்படாதீங்க... முயற்சி ரொம்ப நல்லாப் பண்ணுனீங்கன்னே எழுதிடறேனுங்க."