பாதி வார்த்தையில் நின்ற வீடு

உலகத்துக்கே பிரேக் போட்டவர் எங்கள் ரயில்காரர். அவர் பட்டனை அழுத்தி விடுவிக்கும்வரை சூரியன்கூட ஜன்னலுக்கு வெளியே கைகட்டிக் காத்திருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவருடைய மருமகனும் சிரித்தவன்தான்.

ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் விளையாட்டில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் கண்ணாடிமேல் மழை அசலாக வழியவேண்டும் என்று புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி, தானே மாட்டினார். செங்கல் கனம், அதன் விசிறிகள் சுற்றினால் வீடே பறந்துவிடும் போலிருக்கும். முதல் மத்தியானமே, ரயில் குகைக்குள் நுழையும்போது திரை உறைந்தது. கூடவே ஒரு சின்னக் கோளாறு.

“அந்த வெங்கா” என்று அடுப்படியிலிருந்து கேட்ட மனைவி, மேலே சொல்லவில்லை.

குழாய்த் தண்ணீரின் சளசளப்பும், வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தமும், தெருவில் திரும்பிய வண்டியின் உறுமலும் ஒரே வெட்டில் அறுந்துபோக, சூடேறிய பிளாஸ்டிக்கின் கசந்த வாடை மட்டும் அறைக்குள் மெல்ல நகர்ந்து வந்து அவர் பிடரியில் உட்கார்ந்தது. பட்டனை அழுத்தி மறுபடி கிளப்பினார். திரையில் வெளிச்சம் வந்தது.

“யத்த எடுத்துட்டு வாங்க” என்று முடித்தாள் மனைவி.

டிரைவர் பழுதாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்து, ஆயுசெல்லாம் ரயில் டிரைவராக இருந்தவருக்கு ரோஷமே வந்துவிட்டது. இருந்தாலும் அந்த மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்தார். பயனில்லை. திரை உறையும்போதெல்லாம் வீடும் உறைந்தது. மறுபடி கிளம்ப ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் பிடித்தது. மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து நின்றாள்.

“இமைக்கவே விடாத மாதிரி எரியுதுங்க.”

மருமகனுக்குப் போன் போட்டு, திரையோடு வீடே உறைவதைச் சொன்னார். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

“பவர் சப்ளை பத்தல, அவ்ளோதான். அத்தை பேச்ச நிறுத்துற மெஷின்னா எனக்கும் ஒண்ணு சொல்லுங்க மாமா.”

சாயங்காலம் பெரிய பவர் சப்ளையோடு வந்தான். மாற்றுவதற்கு முன் கோளாறைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். விளையாட்டை ஓட்டினான். மழை. தண்டவாளம். குகை.

உறைந்தது.

நிசப்தம். மருமகன் திரும்பி, கதவு வழியே அடுப்படியைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரு கேவல் வந்தது. தண்டவாளத்தில் ஆள் நின்றால் யோசிக்காமல் பிரேக்குக்குப் போன கை ரயில்காரருடையது, இப்போதும் யோசிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

திரும்பச் செருகினார். பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றவில்லை.

மருமகன் புது பவர் சப்ளையை மாட்டினான். அழுத்தினார். இல்லை. பழைய கார்டு. இல்லை. அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

அடுப்படியில் குழாய்த் தண்ணீர் கண்ணாடிக் கம்பியாக நின்றது. மருமகன் தொட்டான். விரல் நனையவில்லை. பாதி வார்த்தையில் வாய் திறந்தபடி நின்றவளின் முகத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தான். இடப்பக்கம் நகர்ந்தான். வலப்பக்கம் நகர்ந்தான். பிறகு பின்வாங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“நீங்க சொன்னது நெசந்தான் மாமா,” என்றான், குரலே இல்லாமல். “அத்தை கண்ணு என் பின்னாடியே வருது.”