காலி வண்டியில் இடமில்லை

கம்பி இறங்கவில்லை.

காலையில் கேளிக்கைப் பூங்காவின் வாசல் திறப்பதற்கு முன், கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும் அந்த ரோலர் கோஸ்டரைப் பயணிகள் இல்லாமல் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். யாரும் உட்காராத இருக்கைகளிலும் தொடை மேல் இறங்கும் கம்பியை அடிவரை அழுத்திப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சரிவில் அது ஆடி அடித்துக்கொள்ளும். பெட்டி பெட்டியாக அழுத்திக்கொண்டே வந்தவள் கடைசிப் பெட்டியில் நின்றுவிட்டாள். இருவர் அமரும் பெட்டி. ஓர் இருக்கையில் அவள் கணவன். மெக்கானிக் என்பதால் சோதனை ஓட்டத்தில் போய்வருவது அவன் வேலை. பக்கத்து இருக்கை காலி. அந்தக் காலி இருக்கையின் கம்பிதான் பாதியில் நின்றது. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இரும்பில் இரும்பு சிக்கினால் கைக்குத் தெரியும், வெடுக்கென்று நிற்கும். இது கொஞ்சம் அமுங்கிக்கொடுத்து, மெத்தென்று நின்றது. யாருடைய மடியிலோ பட்டதுபோல.

"விடு, விடு. ஸ்பிரிங் ஒட்டிக்குது. நான் பாத்துக்கறேன்" என்றான்.

வீட்டில் கதவுக் கீல் முனகினால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் எண்ணெய் போடுகிறவன். அவன் சொல்கிற பேச்சா இது? சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அவள் வண்டியை இயக்கும் பேனலுக்குத் திரும்பி, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வண்டி இருட்டுக்குள் நுழைந்தது. அவளுடைய வேலை அதுதான். கல்யாணத்துக்கு முன் இதே கடைசிப் பெட்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள். பிறகு, நாள் முழுக்க அவன் கூடவே இருக்கலாம் என்று ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகுதான் புரிந்தது, ஓட்டுகிறவள் ஏற முடியாது. தினமும் காலையில் அவனைத் தனியாக இருட்டுக்குள் அனுப்பி வைப்பவள் அவளேதான்.

பகல் முழுக்க வெளியே வெயிலில் புதுப்புது ராட்டினங்கள் ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கின. அங்கே கத்திவிட்டு எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்தார்கள். இதில் பெரிய உயரமும் கிடையாது, வேகமும் கிடையாது. கறுப்படித்த சுவர்கள், கிரீஸும் பழைய புகையும் ஈரக் கம்பளமும் கலந்த சில்லென்ற காற்று, மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் ஒரு கிழட்டுச் சங்கிலி. உச்சியில் சங்கிலிச் சத்தம் அற்றுப்போய், வயிறு மட்டும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும். அப்புறம் ஒரு திருப்பம், ஒருவர் மேல் ஒருவரைச் சாய்த்துவிடும். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாமல் சாய்ந்துகொள்ள மனிதர்களுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது?

"என்ன வரப்போகுதுன்னு தெரியாது. ஆனா பக்கத்துல யாரு இருக்காங்கன்னு தெரியும். அதான் இதோட ருசி" என்று அவன் அந்த நாளில் அவளிடம் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

உள்ளே சங்கிலி நின்றது. அந்த மௌனத்தில், சுவருக்கு அப்பாலிருந்து, அவன் சிரித்தான்.

பெரிய சிரிப்பு இல்லை. காதோடு யாராவது எதையாவது சொன்னால் கூச்சத்தோடு வருமே, அந்தச் சிரிப்பு. அது தனக்கு மட்டுமே தெரிந்த சிரிப்பு என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

முதலில் கிளியைத்தான் சந்தேகப்பட்டாள். வாசலில் நின்று குழந்தைகளின் உயரம் பார்த்து உள்ளே விடுகிறவள். வாய் ஓயாதவள், அதனால் அந்தப் பேர்.

"காலையில நீ எங்க போயிருந்த?"

"ஏன்க்கா, மாமா என்னைத் தேடினாரா?"

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "அவரை எதுக்கு மாமாங்கற நீ?"

"அதை விட்டா உங்களை அக்கான்னு கூப்பிடறதையும் விடணுமே. அதுக்குத்தான் மனசு வரல." கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "என்னக்கா, மூஞ்சி எண்ணெயில போட்ட கடுகாட்டம் வெடிக்குது?"

மறுநாள் காலை ஏதோ சாக்குச் சொல்லி, கிளியைப் பேனல் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். வண்டி போனது. சங்கிலி ஏறியது. நின்றது. சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அவன் குரல், தூக்கத்தில் குழைந்தமாதிரி: "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோ."

சூயிங்கம் மென்றுகொண்டிருந்த கிளியின் வாய் நின்றது.

"அக்கா... மாமா யாரோட பேசறாரு?"

கிளி மெல்லப் பின்வாங்கி, வாசல் வெளிச்சத்தில் போய் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு எத்தனை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

கிளியாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. முகம் உள்ள ஒருத்தியோடு சண்டை போடலாம். அவளை விட நான் எதில் குறைந்துபோனேன் என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளலாம். முகமே இல்லாத ஒன்றிடம் எதை ஒப்பிடுவது? பயம் இல்லாமல் இல்லை. முதுகுத்தண்டில் பயம் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் கீழே, அடிவயிற்றில், அதைவிடச் சூடாக இன்னொன்று எரிந்தது.

அன்று இரவு அவள் பாத்திரம் கழுவ, அவன் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நானும் உங்ககூட வரேன். பேனல்ல வேற யாரையாவது நிக்கச் சொல்லலாம்."

துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தான். "இடமில்லம்மா."

"காலி வண்டியிலயா?"

"கோச்சுக்காதே" என்றான். அவ்வளவு கனிவாக அவன் பேசி வெகுநாளாகியிருந்தது. வேறெங்கோ வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவன் வீட்டில் பரிமாறுகிறவளைப் பார்த்துச் சொல்கிற கனிவு. அவள் குழாயைத் திருகி மூடினாள். இன்னும் திருகினாள். கை வலிக்கும்வரை.

காலையில் கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அவள் கம்பியைத் தொடவில்லை. குனிந்து, காலி இருக்கையை நேராகப் பார்த்தாள். ரெக்சின் குழிந்திருந்தது. குழிவின் ஓரத்தில் சுருக்கங்கள். அவள் பார்க்கப் பார்க்க ஒரு சுருக்கம் இடம் மாறியது. உட்கார்ந்திருப்பவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் மாறுவதுபோல.

"போகலாமா?" என்றான் அவன். அவளைக் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள். வண்டி போனது. சங்கிலி. மௌனம். சிரிப்பு. பிறகு சரிவின் இரைச்சல், முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம், எல்லாம் காதிலேயே தெரிந்தது. பாதையின் நடுவில் ஒரு பிரேக் உண்டு. கோளாறு என்றால் வண்டியை அங்கே பிடித்து நிறுத்தலாம். அவள் நிறுத்தினாள்.

இரும்பு கிறீச்சிட்டு அடங்கியது.

வண்டி இருட்டில் நின்றுபோனால் எந்த மெக்கானிக்கும் உடனே கத்துவான். என்ன ஆச்சு, ஏன் நிறுத்தின, என்று கேட்பான். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டாள். தண்டவாளத்தை ஒட்டிய இரும்பு நடைபாதையில் கைப்பிடியைத் தடவித் தடவி நடந்தாள். கிரீஸ் வாடை. ஈரக் கம்பள வாடை. இன்னும் உள்ளே போகப் போக, இந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடை, குளித்துவிட்டு வந்த தலைமுடியின் வாடை. கூடவே ஒரு மெல்லிய சரசரப்பு. நிதானமாக. விட்டு விட்டு. திருப்பத்தில் கடைசிப் பெட்டி தெரிந்தது.

வெளிச்சத்தை அடித்தாள்.

அவன் கண்களை மூடியிருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எதன் மீதும் இல்லை, வெறும் காற்றில். ஆனால் கன்னம் தோளில் அழுந்தியதுபோலத் தட்டையாகியிருந்தது. அவனுடைய முடி அசைந்துகொண்டிருந்தது. நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை நாலைந்து கோடுகளாகப் பிரிந்தது, படிந்தது, மறுபடி பிரிந்தது. விரல்கள் இல்லாத விரல்கள். அவசரமே இல்லாமல்.

அப்படியொரு நிம்மதியை அவன் முகத்தில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளால் அதைக் கொண்டுவர முடிந்ததே இல்லை.

"யாரு நீ?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

கோடுகள் நின்றன.

ரெக்சின் மெல்ல உப்பி எழுந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தாங்கல் போய் அவன் தலை தொய்ந்து விழுந்தது. திடுக்கிட்டு விழித்தான்.

"எங்க போற?"

நடைபாதையின் இரும்புத் தகடு ஒன்று அமுங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. சத்தமே இல்லை. அவள் நின்ற தகடு தாழ்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு பின்கழுத்தில் குளிர்.

கொண்டை கிளிப் தானாகக் கழன்றது. முடி முதுகில் சரிந்தது. ஓடு. ஓட வேண்டும். கால் நகரவில்லை. குளிர்ந்த ஏதோ ஒன்று நெற்றி ஓரத்தில் நுழைந்து, சிக்குகளை ஒவ்வொன்றாக, வலிக்காமல், அவளுக்காகவே காத்திருந்ததுபோலப் பிரித்துக்கொண்டே பின்னால் போனது. அவள் தலையை அப்படி யாரும் தொட்டதில்லை. ஒருவரும். எப்போதும்.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.

கம்பிக்குள் சிக்கியபடி எக்கி எழப் பார்த்தான். முகம் கோணியது. இரண்டு கைகளையும் நீட்டினான். தன்னைக் காப்பாற்றத்தான் நீட்டுகிறான் என்று ஒரு கணம் அவள் நம்பினாள். கைகள் அவளை நோக்கி வரவில்லை. அவள் தோளைத் தாண்டி, பின்னால் இருந்த வெற்றிடத்தைத் தேடின.

"அவகிட்ட வேண்டாம்" என்று அழுதான். "என்கிட்ட வா. வந்துடு."

குளிர் கழுத்திலிருந்து இறங்கித் தோளைச் சுற்றியது. பயம் போகவில்லை. பற்கள் கிடுகிடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அவள் ஓர் அடி நகர்ந்தாள். தப்பிக்க இல்லை. அதை அவன் கண்ணில் படாதபடி மறைத்து நிற்க.

போதவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அவள் முடி பிரிவதை அவன் விழுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் டார்ச்சை அணைத்தாள். இருட்டில் அவன் கம்பியை உலுக்கி உலுக்கி அழுவது கேட்க, தலையை மெல்லப் பின்னால் சாய்த்தாள். அங்கே தோள் இருந்தது.