சீனிமிட்டாய் சொன்ன சாட்சி

காலை 8.50. ஆனைக்குட்டம் சாலையிலுள்ள அந்தப் பட்டாசு ஆலையின் ஆபீஸ் அறையில் ஓர் அலறல் கேட்டது. பட்டாசு ஆலையில் யாராவது அலறினால் மற்றவர்கள் முதலில் ஓடுவார்கள். ஏன் என்று வெளியே போய்த்தான் கேட்பார்கள். உள்ளே வந்தவள் பஞ்சம்மாள் ஒருத்திதான். வாசலில் எல்லோரையும் சோதித்து, தீப்பெட்டி, பீடி, செல்போனைப் பிடுங்கி வைப்பது அவள் வேலை.

அலறியவள் இசைவாணி, விருதுநகர்க் கல்லூரி ஆராய்ச்சி மாணவி. சிறுகுறிஞ்சான் இலைச்சாறு ரத்தத்தில் சர்க்கரையையும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் என்ன செய்கிறது என்று மூன்று மாதமாக இங்கே முப்பது தொழிலாளர்களிடம் சோதித்து வருகிறாள். கெட்டிச் சாற்றை மாத்திரைக் கூட்டில் அடைத்து அளவாகக் கொடுப்பாள். இன்று ஆலையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை அதிகமிருந்தால் ஆபத்தான வேலையிலிருந்து பேக்கிங் செட்டுக்கு மாற்றம் என்பது முதலாளி உத்தரவு.

எட்டு மணிக்கு அவள் ஃப்ரிட்ஜில் வைத்த சாற்றுப் பாட்டில் இல்லை. குப்பைக்கூடையில் காலியாகக் கிடந்தது. கூடையும் தரையும் காய்ந்திருந்தன.

"கீழ ஊத்தல. குடிச்சிருக்காக," என்றாள் பஞ்சம்மாள்.

"அக்கா, அது முப்பது பேருக்கு உள்ளது! சக்கரை மாத்திரையும் போட்டிருந்தா, கொஞ்ச நேரத்துல சக்கரை இறங்கி மயங்கி விழுந்திருவாக!"

ஒன்பதரைக்குக் கலவை அறை திறக்கும். வெடிமருந்துத் தட்டோடு அங்கே ஒருவர் விழுந்தால்? இசைவாணிக்கு மறுபடி அலற வேண்டும்போல இருந்தது.

"பதறாத தாயி. எட்டு மணிக்கு மேல இங்கன வந்தது மூணே பேரு."

பஞ்சம்மாள் மானேஜர் மேசையைப் பார்த்தாள். சீசனின் முதல் லோடு கிளம்புகிற நாளில் கொடுக்கும் சாத்தூர் சீனிமிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. பிரித்தாள்.

9.10. மானேஜர் பாண்டிச்செல்வம்.

"எட்டு மணிக்கு மேல இங்கன எதுக்கு வந்தீக?" என்றாள் பஞ்சம்மாள்.

"என் ஆபீசுக்கு நான் வர உன்கிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா?"

"கோவிக்காதீக. மிட்டாய் எடுங்க."

"எனக்குச் சக்கரைனு ஊருக்கே தெரியும். தள்ளி வையி."

9.14. லாரி டிரைவர் கருப்பணன்.

"எதுக்குலே வந்த?"

"லோடு சீட்டு வாங்க." ஒரு மிட்டாய் வாய்க்குள்ளும் இரண்டு சட்டைப்பைக்குள்ளும் போயின. "இன்னொண்ணு எடுக்கட்டா?"

9.18. கலவை அறைப் போர்மேன் பெத்தணன்.

"எதுக்கு வந்தீக அண்ணாச்சி?"

"கலவை அறைச் சாவி எடுக்க." மிட்டாயைக் கடித்தார். முகம் சுளித்தது. "எந்தக் கடையில வாங்குனீக? சீனியே போடாம ஏமாத்திட்டான். மண்ணு மாதிரி இருக்கு!"

"அந்தக் கடைக்காரனை விடமாட்டேன்!" என்று மானேஜர் போனுக்குப் பாய்ந்தார்.

9.20. "போனை வைங்க சார். கலவை அறைச் சாவியை வாங்குங்க," என்றாள் பஞ்சம்மாள். "குடிச்சது பெத்தணன் அண்ணாச்சி."

"யாரு பாத்தா?" என்று பெத்தணன் சீறினார்.

"உங்க நாக்கு பாத்துச்சு. ஆடு மேய்க்கையில சிறுகுறிஞ்சான் இலையை மென்னுட்டு சீனி தின்னுருக்கேன். மண்ணு மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு இனிப்பே தெரியாது. இதே மிட்டாயைக் கருப்பணன் மூணு எடுத்துட்டு நாலாவது கேட்டான்."

இசைவாணி தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டில் அடைத்தே கொடுத்ததால் எந்த நாக்கும் அதைத் தொட்டதில்லை. அவளுக்கும் அந்த நினைப்பே வரவில்லை. பெத்தணனின் விரலைக் குத்தினாள். மிஷின் ஐம்பத்தெட்டு காட்டியது. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. அவர் நெற்றி வியர்த்தது, கால் தள்ளாடியது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சீனித்தண்ணி கொண்டுவரக் கருப்பணன் ஓடினான்.

"சக்கரை மாத்திரை போட்டீகளா?" என்றாள் இசைவாணி.

"ரெண்டு வருசமாத் திருட்டுத்தனமாப் போடுறேன்," என்று முனகினார். "அம்புட்டையும் குடிச்சா அம்புட்டும் இறங்கும்னு நெனச்சேன்."

"பேக்கிங்குக்குப் போனா என்ன அண்ணாச்சி? அங்கயும் அதே சம்பளம்தான," என்றாள் பஞ்சம்மாள்.

"சம்பளமா பிரச்சினை? அங்கன சூப்பர்வைசர் யாரு?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, டம்ளர் நிறையச் சீனித்தண்ணியோடு பேக்கிங் சூப்பர்வைசர் வேலுத்தாய் வந்தாள். இருபத்தாறு வருடமாகப் பெத்தணனின் மனைவி.

"குடிங்க. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் என் செட்டுல நிக்கணும். லேட்டா வந்தா அரைநாள் ஆப்சென்ட்."