இருநூறு வாட் பெட்டி

"சார், அந்தப் பொண்ணு எங்க கம்ப்யூட்டர எரிச்சிடுச்சு" என்று மேலாளர் ரகுபதி போனில் சொன்னபோதே பரசுராமனுக்கு அலுப்புத் தட்டியது. எரிந்ததையும் உடைந்ததையும் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவர் பிழைப்பு. போகிற இடமெல்லாம், எது எரிந்தது என்று சொல்லுமுன் யார் எரித்தது என்று சொல்லிவிடுகிறார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில், உதவியாளன் லோகேஷுடன் பஸ்ஸில் செம்பரம்பாக்கம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு வந்து சேர்வதற்குள் முதுகு விட்டுப்போனது.

கம்ப்யூட்டர் அறையில் ரகுபதியோடு சர்வீஸ் இன்ஜினியர் ஹேமந்தும் ஆபரேட்டர் மதிவதனியும் நின்றார்கள். தொழிற்சாலைக்காக மண்ணூரில் நிலம் கொடுத்த குடும்பம் மதிவதனியுடையது. அதற்கு ஈடாகக் கிடைத்த ஒரே வேலை இது. அதைப் பறிக்கும் கடிதத்தில் ரகுபதி கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

ஹேமந்த் முந்திக்கொண்டான். "மிஷினுக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளைப் பெட்டிக்குப் பின்னாடி சிவப்பு சுவிட்ச் இருக்கும் சார். நம்ம கரண்ட்டுக்கு 230 வோல்ட்ல நிக்கணும். இந்தம்மா 115-க்குத் தள்ளிட்டாங்க, வெடிச்சிடுச்சு. காலைல நான்தான் அத மறுபடி 230-க்கு மாத்திட்டுக் கழட்டினேன்."

"பின்பக்கம் நான் கையே வெக்கல சார்" என்றாள் மதிவதனி. "போன மாசம் தூசி தட்டணும்னு இவருதான் அந்தப் பெட்டிய தூக்கினு போனாரு. அப்புறம் ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் போட்டாங்க. அதுலேர்ந்து மிஷின் தானா நின்னு நின்னு போய்கினு இருந்துச்சு. சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல."

மேசைமேல் கிடந்த கருகிய பெட்டியின் லேபிளை லோகேஷ் உற்சாகமாகப் படித்தான். "உள்ளே வரும் மின்சாரம் 115 அல்லது 230, சுவிட்சில் மாற்றலாம். மொத்தம் இருநூறு வாட். இரண்டு டிஸ்க்கையும் இது தாங்குமே சார்! அப்போ சுவிட்ச்தான் காரணம்!"

பரசுராமன் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லாமல், காலி பிஸ்கட் டின் மாதிரி இருந்தது. பின்பக்கத்தைத் தடவினார்: மின்விசிறி, ஒயர் செருகும் இரண்டு துளைகள். பிறகு லேபிளின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது.

"லோகேஷ், இதையும் படி."

"ஐந்து வோல்ட், பத்து ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட், நான்கு ஆம்பியர்."

"வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கூட்டிச் சொல்."

"ஐம்பது, நாற்பத்தெட்டு… நூறுகூட வரவில்லையே சார்!"

"அவ்வளவுதான் இதன் சக்தி. ஒரு டிஸ்க்கோடு தட்டுத்தடுமாறி ஓடியிருக்கும். இரண்டாவது டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது கூடுதலாக இழுக்கும். அதனால்தான் மிஷின் நின்று நின்று போனது. கடைசியில் வெடித்தது." பரசுராமன் நாற்காலியில் சாய்ந்தார். "மேலே ஒட்டியிருந்தது, இங்கே முதலில் இருந்த நல்ல பெட்டியிலிருந்து உரித்த லேபிள். அதை எடுத்துக்கொண்டு இந்த மட்டமானதை மாட்டியிருக்கிறார்கள். பெட்டியை வெளியே கொண்டுபோனவர் ஒருவர்தான்."

"நான் மாத்தல சார்! வேணும்னே பழி போடறீங்க" என்றான் ஹேமந்த்.

"சரி தம்பி. காலையில் 230-க்கு மாற்றிய அந்தச் சிவப்பு சுவிட்சைக் கொஞ்சம் காட்டுங்கள்."

ஹேமந்த் பெட்டியை வாங்கித் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். சுவிட்சும் இல்லை, சுவிட்ச் வைக்கும் துளையும் இல்லை.

"லேபிளை மாற்றத் தெரிந்தது. அந்த லேபிள் சொல்கிற சுவிட்ச் இந்தப் பெட்டியில் உண்டா என்று பார்க்கத் தோன்றவில்லை" என்றார் பரசுராமன். ஜெயித்த சந்தோஷம் அவருக்கு இல்லை. ஊருக்குத் திரும்பிப் படுத்தால் போதும் என்றிருந்தது.

ரகுபதி கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு டூட்டிக்கு வந்துடு. இனிமே ஜாக்கிரதையா இரு."

மதிவதனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு சார், நானா?"

உரித்துப்போட்ட லேபிளையே ரகுபதி பார்த்துக்கொண்டிருந்தார்.