அணைச்சிட்டேன் சார்

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்தே சுகுமாருக்கு விலாவைச் சுற்றி வலி. குத்துகிற வலி இல்லை. வைக்கோல் கட்டைக் கயிறு போட்டு, முழங்காலை ஊன்றி இறுக்குவார்களே, அப்படி ஓர் இறுக்கம். முதுகில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் வளைந்து வந்து நெஞ்சுக்குழியில் முடிந்தது. மூச்சை இழுத்தால் பாதி வரைதான் உள்ளே போயிற்று. மிச்சத்துக்கு இடம் இல்லை.

சாரதா தைலம் தேய்த்தாள். "இன்னாங்க இது, யாரோ பின்னாலேர்ந்து கட்டிப் புடிச்சாப்பல செவந்து கீது" என்றாள். பிறகு தைலக் கையாலேயே முதுகில் ஒரு தட்டு தட்டி, "நானில்லப்பா. உங்கள அணைச்சு நாளாச்சு" என்று சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தைல வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. வயர் கருகுகிற வாசனை. கொஞ்ச நாளாகவே அவன் குடிக்கிற காபியிலும் அது இருந்தது.

சட்டை போடும்போது சென்னை தலைமை ஆபீஸிலிருந்து மோகன் கூப்பிட்டார்.

"சுகுமார், நாளைக்குப் பரிசு கமிட்டி வருது. லீவு நாள்ல உங்க ஆபீஸ்ல கரண்ட் ஓடிட்டே இருக்கு. எனக்கு இங்க ஸ்க்ரீன்ல தெரியுது. எதை விட்டுட்டுப் போனீங்க?"

"எல்லாத்தையும் நிறுத்திட்டுத்தான் சார் வந்தேன்."

"அப்போ பேயா இழுக்குது? போய்ப் பார்த்து அணைச்சுட்டு வாங்க. இந்தப் பரிசு போச்சுன்னா உங்க சென்னை மாற்றலும் போச்சு."

கரண்டையும் கழிவையும் குறைத்த அலுவலகங்களுக்கான பரிசு அது. எங்கள் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் குப்பை ஒரு கிலோ கூட இல்லை என்று சுகுமார் எழுதி அனுப்பியிருந்தான். அவன் அட்மின். சென்னை வேலைக்காக மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான். பைக்கை எடுத்தான்.

கல்வெட்டுக் கோயில் தாண்டி, ஏரிக்கரை ஏறி, வந்தவாசி சாலையில் திரும்பினால், பழைய நெல் மில்லை இடித்துக் கட்டிய ஒற்றை மாடிக் கட்டடம். சென்னை ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ். உச்சி வெயில். சாலையில் நாய்கூட இல்லை. கேட்டருகே வாட்ச்மேன் வேதகிரி கூழுக்கு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா வேதகிரி, உள்ள யாருனா கீறாங்களா?"

"இன்னிக்கு யாரு சார் வருவாங்க."

"கரண்ட் ஓடுதாம்."

"ஓடட்டுமே. நம்மளுந்தான் ஓடறோம், யாரு கேக்கறாங்க."

சுகுமார் பொத்தானை அழுத்தினான். மோட்டார் முனகி ஷட்டர் ஏறியது. உள்ளே எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, எல்லாவற்றையும் நிறுத்திப் பார்ப்பதுதான். வெளிச் சுவர்ப் பெட்டியிலிருந்த மெயினை இறக்கச் சொன்னான். வேதகிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கைப்பிடியைக் கீழே இழுத்தான்.

மீட்டரில் சிவப்புப் பொட்டு சிமிட்டியது.

மெயின் இறங்கியபிறகு அது சிமிட்டக் கூடாது. சிமிட்டியது. வேகமாக இல்லை. மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, தூங்குகிறவள் மார்பு ஏறி இறங்குகிற மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றவன், தன் மூச்சும் அதே கணக்கில் போவதைக் கவனித்துப் பார்வையைத் திருப்பினான்.

"மீட்டர் கெட்டுப்போச்சு."

"மீட்டர் இன்னா சார் பண்ணும். உள்ள எது இழுக்குதோ, அதக் காட்டுது."

"நீயும் வா."

"எனக்கு சம்பளம் வெளிய நிக்கறதுக்கு சார்."

உள்ளே செருப்புப் போகக் கூடாது. தூசி மெஷினுக்கு ஆகாது என்று சுகுமார் போட்ட சட்டம்தான். தோல் செருப்பைப் படியில் கழற்றினான். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. ஒன்றின் வார் அறுந்து, கம்ப்யூட்டர் வயர்த் துண்டால் முடிச்சுப் போட்டிருந்தது. ஈரமாக இருந்தது. குதிகால் பள்ளத்தில் ஏரிப் பாசி.

அதை அவன் தன் கையாலேயே ஏரியில் எறிந்திருந்தான்.

"இது யாருது?"

வேதகிரி படியைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாததா சார்" என்று சொல்லிவிட்டுக் கூழுக்குத் திரும்பினான்.

பச்சையம்மாளுடையது. ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து ஆபீஸ் பெருக்க வந்தவள். கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போட்டுக் காய்த்த கை. எல்லாரும் போன பிறகு மெஷின்களை ஒவ்வொன்றாகச் சுவர் சுவிட்சிலேயே நிறுத்துவது அவள் வேலை. சும்மா விட்டால் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கக் கரண்ட் தின்னும். 'அணைக்காமல் போகாதே' என்று சுகுமார் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். படிக்கத் தெரியாதவள், இன்னா சார் எழுதிகீது என்று கேட்டாள். சொன்னான். "அணைக்கணுமா? இத்தினி பேரையுமா? எங்க வூட்டுக்காரரு வையப் போறாரு சார்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மானிட்டரின் முதுகிலும் கையை வைத்து, "தூங்கு கண்ணு" என்று சொல்லித்தான் நிறுத்துவாள். கடைசியில் வாசலில் வந்து நின்று குரல் கொடுப்பாள்: "அணைச்சிட்டேன் சார்." அந்தக் குரல் வந்த பிறகுதான் ஷட்டர் இறங்கும். அந்த ஆபீஸின் வழக்கம் அது.

பழைய மெஷின்களை முறையாக உடைக்கிற கம்பெனிக்கு அனுப்பினால் எடை போட்டுக் கழிவாகக் காட்ட வேண்டும். கழிவு காட்டினால் பரிசு இல்லை. அதனால் சுகுமார் அவற்றை ஜன்னல் இல்லாத பின்னறையில் போட்டு, வயர்களை உருவி இரும்புத் தொட்டியில் எரித்துச் செம்பை எடுக்க அவளை உட்கார வைத்தான். புகை போக மேலே ஒரு காத்தாடி.

"தொண்ட எரியுது சார். கதவத் தொறந்து வையுங்க. ஒரு வாய் காத்து வரட்டும்."

"ரோட்டுக்குப் புகை தெரியும். காத்தாடி ஓடுதில்ல."

அவள் கடைசியாக வேலைக்கு வந்த அன்று மாதக் கடைசி நாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் மீட்டர் இலக்கைத் தாண்டிவிடும். குரல் வரவில்லை. வேதகிரி கிளம்பும்போது, "பச்சையம்மா செருப்பு கீது சார்" என்றான். சுகுமாரும் பார்த்தான். "போயிருப்பா. நீ கெளம்பு" என்றான். ஷட்டரை இறக்கினான். மீட்டர் ஏறாமலிருக்க மெயினையும் இறக்கினான். காத்தாடி நின்றது. கரண்ட் இல்லாமல் அந்த ஷட்டரை உள்ளேயிருந்து யாராலும் தூக்க முடியாது.

பைக்கை உதைத்தபோது ஷட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினான். அப்புறம் கேட்கவில்லை.

செம்பு திருட ஒளிந்திருந்தவள் என்று காலையில் அவனே எழுதிக் கொடுத்தான். அவள் புருஷன் அப்பு, திருடி புருஷன் என்ற பேரோடு பிணத்தை வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது சுகுமார் உள்ளே காலை வைத்தான்.

வெளி வெயில் முதல் வரிசை மேஜை வரைக்கும் வந்து, அதற்கு மேல் வர மனசில்லாதது போல் நின்றுவிட்டது. அப்பால் இருட்டு, இருட்டில் மூடிய ஏ.சி. அறையின் புளித்த வாசனை, அதன் அடியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகி நாக்கின் பின்புறம் ஒட்டுகிற அந்த வாசனை, கால் பாதத்தில் நறநறக்கிற மெல்லிய தூள். தூசி என்று நினைத்தான். செல்போன் விளக்கைப் போட்டுப் பார்த்தான். சாம்பல்.

ஒவ்வொரு மெஷினாகத் தொட்டுப் பார்த்தான். முதல் வரிசை சில்லென்றிருந்தது. இரண்டாவது வரிசையில் கை வைத்தவன் சட்டென்று எடுத்தான். சூடு. ஓடின மெஷினின் சூடு இல்லை. அதுவரை யாரோ வைத்திருந்த உள்ளங்கையை அப்போதுதான் எடுத்த இடத்தில் இருக்குமே, அந்த அளவுச் சூடு. மானிட்டரின் முதுகில் விளக்கைக் காட்டினான். கரிக் கை. ஐந்து விரலும் பதிந்திருந்தது.

அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

எங்கோ காத்தாடி சுற்றுகிற சத்தம். நின்று கேட்டான். பின்னறையிலிருந்து வந்தது. காத்தாடி சுற்றினால் ஒரே சீராக இரையும். இது இழுத்தது. நீளமாக, கரகரவென்று, சளி கட்டின நெஞ்சு இழுப்பது போல உள்ளே இழுத்தது. திரும்ப வெளியே விடவில்லை. மறுபடி இழுத்தது.

திரும்பிப் போய்விடலாம். நாளைக்குக் கமிட்டி. எதுவோ இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாவிட்டால் பரிசு இல்லை, சென்னை இல்லை. போனான்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. அவன் பூட்டிய கதவு.

உள்ளே பழைய மெஷின்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். மூடி கழற்றி, வயர் உருவி, குடல் எடுத்த மீன்கள் மாதிரி கிடந்தவை. ஒன்றுக்கும் பிளக் இல்லை. சுவர் வரைக்கும் போக ஒரு முழம் வயர் இல்லை. எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது.

ஏறியது. இறங்கியது. ஏறியது.

செல்போன் அணைந்தது. வரும்போது முழுக்க சார்ஜ் இருந்தது. பொத்தானை அழுத்தினான். கையில் அது ஓட்டாஞ்சில்லு மாதிரி கனத்தது, அவ்வளவுதான். நெஞ்சு இறுகியது. மூச்சு பாதிகூடப் போகவில்லை. கால்வாசி.

"தூங்கு கண்ணு."

மெதுவான குரல். அறையின் கடைசி மூலையிலிருந்து. ஒரு பச்சை விளக்கு அணைந்தது.

"தூங்கு கண்ணு."

அடுத்தது. ஈரப் பாதம் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். அடுத்தது.

அவசரமே இல்லை அதற்கு. ஒன்றையும் விடவில்லை. மூலையிலிருந்து வரிசையாக அவன் பக்கம் வந்தது.

சுகுமார் ஓடினான். மேஜை இடுப்பில் இடித்தது. நாற்காலி உருண்டது. எதிரே வாசல். வெயில். வெயிலின் மேல்பாதி இல்லை. ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் இல்லை. யாரோ இரண்டு கையாலும் பிடித்து நிதானமாக இழுப்பது போல.

கால்வாசி. ஒரு சாண். ஒரு கோடு.

இருட்டு.

தட்டினான். இரண்டு கையாலும். தகரம் அதிர்ந்தது. "வேதகிரி. மெயினப் போடு. வேதகிரி."

குரல் வெளியே வரவில்லை. குரலுக்கும் காற்று வேண்டும்.

ஷட்டருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. ரொம்பப் பக்கத்தில். தகரத்துக்கு அந்தப் பக்கம் வேதகிரி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தாராளமாக, முழுசாக இழுத்து விடுகிற மூச்சு. யாரிடம் பேசினான் என்று தெரியவில்லை.

"செருப்பு கீது" என்றான்.

சுகுமார் இன்னும் வேகமாகத் தட்டினான்.

"போயிருப்பாரு."

மொபெட் கிளம்பியது. தட்டினான். ஆக்சிலேட்டர் முறுக்கும் சத்தம். தட்டினான். ஏரிக்கரைப் பக்கம் சத்தம் தேய்ந்தது.

திரும்பினான். கூடம் முழுக்கப் பச்சை விளக்கு, வரிசை வரிசையாக. எதிர்க்கோடியிலிருந்து அணைந்துகொண்டு வந்தது. தூங்கு கண்ணு. தூங்கு கண்ணு. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம், தடவிக் கொடுக்கிற நேரம். கடைசி வரிசை. கடைசி மேஜை. கடைசி விளக்கு.

தூங்கு கண்ணு.

இனி நிறுத்த வேண்டியது அவன் ஒருவன்தான்.

முதுகு ஷட்டரில் ஒட்டியிருந்தது. முதுகுக்கும் ஷட்டருக்கும் நடுவே இடம் இல்லை. அங்கிருந்துதான் வந்தது. இரண்டு கை. விலாவின் இரண்டு பக்கமும் வளைந்து, காலையிலிருந்து வலித்த அதே கோட்டில், அதே இடத்தில். காய்த்த கை. கரி. விரல்கள் நெஞ்சுக்குழியில் கோத்துக்கொண்டன.

இறுகியது.

காதருகே வயர் கருகின வாசனை. வாசலில் நின்று தினமும் கொடுக்கிற அதே குரல். சலிப்பில்லாத, வேலை முடித்த குரல்.

"அணைச்சிட்டேன் சார்."

வாயைத் திறந்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. இருட்டில் இத்தனை மெஷினும் ஒன்றாகச் சேர்ந்து இழுத்தன. நீளமாக. விடாமல்.

கை தளரவில்லை. அவள் அவனிடம் கேட்டது ஒரு வாய் காற்று. அது இன்னும் பாக்கி.